நாலாம் திருத்தம்

முதல் அச்சில் இருபத்தேழு வரி.
கொழும்பு பஸ்சில் வந்த கட்டு,
ஹபரணை மழையில் ஒரு மூலை ஊறிப்போயிருந்தது.
நிகழ்நேரத் தரவு, முகிற்கணிமை, பயனர் இடைமுகம்.
திருக்கடலூர்க் கரையில் காலை ஆறரைக்கு
நானே நின்று வாசித்துக் காட்டினேன்.
வலையிலிருந்து நண்டைக் கழற்றிக்கொண்டே
பிலேந்திரன் கேட்டார்:
"இது என்ன பிள்ளை, லோனா?"

மிச்சத்தை பஸ் நிலையத்து வாங்கில் வைத்தேன்.
மத்தியானம் வந்து பார்க்க
புள்ளிமான் ஒன்று
பயனர் இடைமுகத்தை நிதானமாக மென்றுகொண்டு நின்றது.
இந்த ஊரில் அதை முழுதாக உள்வாங்கிய
ஒரே சீவன்.

இரண்டாம் திருத்தத்தில் தமிழை இலகுவாக்கினோம்:
"எங்கள் தளத்தில் பதிவு செய்யுங்கள்."
கொழும்பில் எவருக்கும் உறைக்கவில்லை.
திருகோணமலையில் தளம் என்றால்
முள்ளுக்கம்பி, வெள்ளைச் சீருடை, அடையாள அட்டை.
பதிவு என்றால்
வீட்டில் எத்தனை பேர்,
வந்து தங்குகிறவர் யார், எப்போது போவார்.
பிலேந்திரனின் மனைவி எலிசம்மா
துண்டை இரண்டாக மடித்து
என் கையிலேயே திருப்பி வைத்தா.
"எல்லாப் பதிவும் முடிச்சாச்சு தங்கச்சி."
வலைத்தளம் என்று மாற்றலாமே என்றார்
முகாமையாளர், சூமில்.
வலையும் தெரியும் இவர்களுக்கு, தளமும் தெரியும்.
இரண்டும் ஒன்றாக வந்த நாளில்
நல்லது எதுவும் நடந்ததில்லை.

மூன்றாம் திருத்தம் நான் எழுதியதல்ல.
கிண்ணியாவிலிருந்து ஐஸ் ஏற்றி வரும் நஸ்லியா
சொட்டுச் சொட்டாய் நட்டம் ஒழுகும் லொறிக்குப் பின்னால் நின்று
என் போனை வாங்கி, தட்டிப் பார்த்து,
ட்ரைவரிடம் சொன்னா:
"வள்ளம் எத்தின மணிக்குக் கரை தட்டும் எண்டு
இதுல தெரியுதாம்."
அப்படியே எழுதி எடுத்தேன்.
ஒரு வரி. கொழும்பில் கைதட்டினார்கள்.

ஆனால் போனில், பெட்டிக்குள், சாம்பல் நிறத்தில்
இன்னொரு வரி இருந்தது.
இருப்பிட அணுகலுக்கான இசைவு.
அதை மட்டும் ஒருவரும் இலகுவாக்கச் சொல்லவில்லை.
"அது அப்படியே இருக்கட்டும்" என்றார் முகாமையாளர்.
பிலேந்திரனின் பெருவிரல்,
உப்பில் வெடித்த பெருவிரல்,
பொத்தானுக்கு மேலே நின்றது.
"இது என்ன சொல்லுது?"

சொன்னேன்.
நீங்கள் கடலில் எங்கே நிற்கிறீர்கள் என்று
எங்களுக்குத் தெரியும்.
எங்களுக்கு என்றால்,
இதைத் திறந்து பார்க்கிற எல்லாருக்கும்.

கடலைப் பார்த்தார். டொக்யாட் பக்கமும் பார்த்தார்.
நான் எதிர்பார்த்த கேள்விக்குப்
பதிலை நெஞ்சுக்குள் அடுக்கிக்கொண்டு நின்றேன்.
"நேவிக்குத் தெரிஞ்சாப் பரவாயில்ல.
அவங்களுக்கு எப்பவும் தெரியும்.
அல்போன்சுக்குத் தெரியப்படாது.
அந்தப் பார் நான் கண்டுபிடிச்ச பார்."

அன்றிரவு பொறியியலாளரை அழைத்தேன்.
மீன் பிடிக்கிற இடத்தை மறைத்து
திரும்பும்போது மட்டும் காட்டலாமா?
அவர் நீளமாக ஏதோ சொன்னார்,
நடுவில் இரண்டு தரம் இங்கிலீஷில் சிரித்தார்.
முடியுமா, முடியாதா?
முடியும்.

நாலாம் திருத்தம். மத்திய வீதி போட்டோக்கொப்பிக் கடை.
நாற்பது பிரதி, என் காசில்:
"வள்ளம் கரை தட்டும் நேரம் போனில் தெரியும்.
அதற்கு நீங்கள் நிற்கும் இடம் எங்களுக்குத் தெரியவேண்டும்.
மீன் பிடிக்கும்போது நிப்பாட்டி வையுங்கள்.
திரும்பும்போது போடுங்கள்.
வேண்டாமென்றால் வேண்டாம்."
கடைசி வரிக்குக் கொழும்பு இன்னும் சம்மதிக்கவில்லை.

பின்னேரம் அல்போன்ஸ் வந்தார்.
இரண்டு தரம் வாசித்தார்.
அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தி,
"பிலேந்திரன் இதில சேர்ந்திட்டானோ?"

"அது சொல்லமாட்டேன் அண்ணை" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
தாளை நனையாமல் மடித்து
மீன்பிடி அட்டையோடு சேர்த்துப் பைக்குள் வைத்தார்.
இந்த வரியையும் அடுத்த அச்சில் போடவேண்டும் என்று
நான் நினைத்துக்கொண்டிருக்க,
இன்னொரு பிரதி கேட்டார்.
மச்சானுக்காம்.