நான்கு துளைகள்

மூன்று நாளாக அளந்துகொண்டிருக்கிறேன்.
வெளியோட்டில் ஒரு கீறலில்லை.
பார்சல் வந்த அன்றே குளியல் தொட்டியில் விட்டு
வாயால் ஊதினேன்.
குழாயடியிலிருந்து மற்றக் கரைக்கு
மறுபேச்சின்றிப் போனது.

அப்படியே விட்டால் காலமெல்லாம் மிதக்கும்.
தானாகப் போகவேண்டுமென்றால்
துளைக்கவேண்டும்.
அடியில், நான்கு இடத்தில்.

தயாநிதி தேத்தண்ணியோடு வந்து நின்றாள்.
"கடலில நிக்கிறது போதாதெண்டு
மேசையிலயும் ஒண்டா?"

யன்னலுக்கு வெளியே உட்துறைமுகம்.
அங்கே ஒன்று நிற்கிறது, விலாவில் மூன்று இலக்கம்,
மழை வரப்போகும் வானத்தின் நிறம்.
அந்த நிறத்தைக் கண்டால்
அப்பா நடுக்கடலில் மெசினை நிறுத்துவார்.
பாஸ் இருந்த பொலித்தீன் பையை
தலைக்கு மேலே பிடிப்பார்.
நான் வள்ளத்துக்குள்
மீனோடு மீனாகப் படுத்திருப்பேன்.

இது அது இல்லை என்றேன்.
எண்பது வருசத்துக்கு முந்தியது.
பீரங்கிகள் இன்னும் பெட்டிக்குள்தான் கிடக்கின்றன.
இன்றைக்குத் தண்டுகள் மட்டும்.

ஆஸ்பத்திரியில் பல் கட்டுகிறவன் நான்.
வீட்டிலும் அதே சின்னத் துரப்பணம், அதே முனை.
வளைவில் வைத்தால் வழுக்குகிறது,
ஆணி நுனியால் ஒரு குழி குத்தி
அங்கே அமர்த்தவேண்டும்.
தண்டு சரிந்து வெளியேறுவதால் வட்டத் துளை காணாது,
புளியங்கொட்டை நீளத்துக்கு
அரத்தால் இழுத்து இழுத்து.
நார்த்தூள் கழுத்தில் ஏறிக்
குளித்தும் போகாமல் கடித்தது.

பித்தளைக் குழாய்களைக்
கிண்ணியாவில் இஸ்மத் கடைந்து தந்தான்.
நேராக்கிய உருக்குக் கம்பியொன்றும் தந்தான்.
கண்ணாடியில் உருட்டிப் பார்த்தேன்,
அடியில் வெளிச்சம் கசியவில்லை.
அந்தக் கம்பி
கவட்டைத் தாங்கியின் காதுக்குள் புகுந்து
குழாய்க்குள் நடந்து
மோட்டர் வாய்வரைக்கும்
தடக்காமல் போகவேண்டும்.
ஒற்றை விரலால் சுழற்றினால் சுழலவேண்டும்.

ஒன்று சுழன்றது.
இரண்டு சுழன்றது.
மூன்றாவது, அரைவட்டம் வந்து
நின்றுகொண்டது.

கொஞ்சம் அழுத்தினால் போயிருக்கும்.
அழுத்திப் பொருத்திய பல்
பகலில் சிரிக்கும்,
இரவில் முரசைப் புண்ணாக்கும்.
கழற்றினேன்.
மயிரளவு சுரண்டினேன். பிறகும் மயிரளவு.
நாலாவதைத் தொட
இருட்டிவிட்டது.

பசை முப்பது நிமிடத்தில் இறுகும் என்று
டப்பாவில் எழுதியிருந்தது.
சித்திரை மாதத்துத் திருகோணமலையில்
பதினொரு நிமிடம்.
கலக்கிய கிண்ணம் கையைச் சுட
ஓடி ஓடி வைத்தேன்.
அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
தயாநிதி போனைப் பிடித்தாள்.
"ஆடாத," என்றேன்.
"நான் ஆடேல்ல, நீங்கள்தான்."

இரவு முழுக்கக் கம்பிகளை உருவவில்லை.
இரண்டுமுறை எழும்பிப் பார்த்தேன்.

காலையில் ஊசிபோடும் குழலால் கிறீஸ் ஏற்றினேன்.
விசிறிகளில் இரண்டு வலம்புரி, இரண்டு இடம்புரி.
எல்லாம் ஒரே பக்கம் சுழன்றால்
கப்பல் தன்னைத்தானே கோணலாக்கும்.
தொட்டியில் இறக்கி
உள்ளே டோர்ச் அடித்துக் காத்திருந்தோம்.
மூன்றாவது குழாயின் வாயில்
ஒரு முத்துத் தண்ணி.
அது பெருக்கவில்லை. வற்றவுமில்லை.
தயாநிதி விரலால் ஒற்றி எடுத்தாள்.
இன்னொன்று வருமா என்று
இரண்டு பேரும் மூச்சடக்கிப் பார்த்தோம்.
வரவில்லை. அல்லது
நாங்கள் பார்த்த நேரம் காணாது.

பற்றறியைக் கொளுவினேன்.
நுரைத்தது, பின்புறம் தாழ்ந்து எழும்பியது,
நாலு முழத் தொட்டியை
ஒரு மூச்சில் தாண்டிச்
சுவரில் மூக்கை முட்டி
அங்கேயே நின்று உறுமியது.

"இதுக்குப் பிறேக் இல்லையோ?"

கப்பலுக்குப் பிறேக் கிடையாது என்றேன்.
நிறுத்தவேண்டுமென்றால்
நாலும்
மறுபக்கம் சுழலவேண்டும்.

"அப்ப சுத்தட்டும்," என்றாள்.
அந்தச் சுவிட்சை
நான் இன்னும் பூட்டவில்லை.