சில்லுக்குக் கல்

லிந்துலைக்கு மேலே, மூன்றாம் வளைவில்
கொழுந்து லொறி நிற்கிற இடம் சரிவு.
வண்டி நின்றதும் கிளீனர் குதித்துப்போய்
பின்சில்லுக்குக் கல் கொடுக்க வேண்டும்.
இருபத்திரண்டு வருசமாய் அதுதான் வழக்கம்.

அன்றைக்குக் கிங்ஸ்லிக்குக் காய்ச்சல்.
பனி ஈரத்துணி போல முகத்தில் தொங்கியது.
ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன்.
க்ரக் என்ற அந்தச் சத்தம் எனக்குப் போதுமாயிருந்தது.

எல்லாமே எனக்குப் போதுமாயிருந்த காலம் அது.

முந்தின ஞாயிறுதான் சாட்சி சொல்லியிருந்தேன்:
வண்டியில் ஒரு கீறல் இல்லை,
நாக்கில் ஒரு சொட்டுச் சாராயம் இல்லை,
வாயில் ஒரு பொய் இல்லை.
கடைசி வாங்கிலிருந்து யாரோ ஆமென் என்றார்கள்.
அந்த ஓர் ஆமென் பற்றாமல்
இன்னும் கொஞ்ச நேரம் பேசினேன்.

பெரிய வெள்ளிக்கு எனக்கொரு பங்கு கிடைக்கும்.
கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு
தெரியாது, தெரியாது என்ற அந்த மீன்காரனை
வருசா வருசம் ஒரு பிடி பிடிப்பேன்.
“வேலைக்காரப் பிள்ளை ஒருத்திக்குப் பயந்தானே!
நானாக இருந்திருந்தால்…”
என்று நிறுத்திச் சபையைப் பார்ப்பேன்.
அந்த நிறுத்தத்தை
வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் பழகியிருந்தேன்.

லொறி ஓசையில்லாமல் புறப்பட்டது.
தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற நான்
யாருடைய வண்டி போகிறது என்றுதான் முதலில் பார்த்தேன்.

கீழே அமராவதியின் லீக்ஸ் பாத்தி.
அதைத் தாண்டிக் கோழிக்கூடு.
அதையும் தாண்டி, நல்லவேளை, ஒரு சவுக்கு மரம்.

இடுப்பில் கட்டிய சாக்கோடு ஓடிவந்தாள்.
“கல்லு வச்சீங்களாண்ணே?”
“வச்சேனே. வழுக்கிருச்சு.”
எத்தனை வருசமாய் அந்தப் பொய்
வாய்க்குள் உடுத்திக்கொண்டு காத்திருந்ததோ!

பெரிய கிளாக்கர் வந்து கேட்டார்.
“வச்சேன் ஐயா.”

சாயந்தரம் போதகர் எபனேசர்
கேட்கக்கூட இல்லை. தோளில் கைவைத்து,
“கல்லையும் மீறிப் போயிருக்கு,
ஆண்டவர்தான் காத்தார்” என்றார்.
“ஆமாங்கய்யா” என்றேன்.
ஸ்தோத்திரமும் சேர்த்துச் சொன்னேன்.

நசுங்கிய தகரத்தின்மேல் ஏறி
அமராவதியின் செவலைச் சேவல்
நேரங்கெட்ட நேரத்தில் கூவியது.
அதற்கு வேதம் தெரியாது;
கூடு போன கவலை அதற்கு.
எனக்குத்தான் முழங்கால் விட்டுப்போனது.

பீலிக்கரைக்குப் போனேன்.
தண்ணீர் விழுகிற சத்தத்தில் அழுதால்
யாருக்கும் கேட்காது.
அங்கேயும் அதைத்தான் யோசித்தேன் பாருங்கள்,
யாருக்கும் கேட்கக்கூடாது என்று.

விடியமுன் அமராவதியின் கதவைத் தட்டி
கல் வைக்கவில்லை என்றேன்.
“தெரியும்ணே.
கல்லு கெடந்த எடத்துலயே கெடந்துச்சு.
அதுமேல அட்டை ஊர்ந்துகிட்டு இருந்துச்சு.”
பிறகு சொன்னாள்:
“கூட்டுக்கு ரெண்டு தகரம் வேணும்.”

கிளாக்கரிடம் சொன்னேன். மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள்.
போதகரிடம் சொன்னபோது அவர்
என்னைவிட அதிகம் வெட்கப்பட்டார்.

இந்தப் பெரிய வெள்ளிக்கும் பேசச் சொன்னார்கள்.
நெருப்பு எரியும் அந்த முற்றத்துக்கு வந்தேன்.
“நானாக இருந்திருந்தால்…”
நின்றுவிட்டது. இது பழகாத நிறுத்தம்.
வாங்கில் யாரோ இருமினார்கள்.
மீன்காரனிடம் கொஞ்சம் நகரச் சொல்லி
அவனருகே குந்திக் கையைக் காட்டினேன்;
நல்ல குளிர்.

இப்போது சமதரையிலும் கல் வைக்கிறேன்.
தலவாக்கலைச் சந்தையில் மற்ற டிரைவர்மார் சிரிக்கிறார்கள்.
சிரிக்கட்டும், இவர்களைப் போலவா நான், என்று
உள்ளே ஏதோ ஒன்று
ஓசையில்லாமல் உருளத் தொடங்குகிறது.

ஆண்டவரே,
அதன் சில்லு எந்தப் பக்கம் இருக்கிறது?
கையில் கல்லோடு நிற்கிறேன்.