ஒன்பது கட்டம்

டுலூத் நகரில் பிப்ரவரி.
ஏரி உறைந்து, கப்பல்கள் எங்கோ போய்விட்ட மாதம்.
கர்ட் வீட்டு நிலவறையில்
சலவை இயந்திரம் கடைசிச் சுற்றை உதறிக்கொண்டிருந்தது.
நாங்கள் நால்வர், ஒரு மேஜை, ஒரு பை நிறையப் பகடை.
இன்று டிராகன் இல்லை.
படம் பார்த்துவிட்டு வந்திருந்தோம்.
வில்லனை விசாரிக்காமல் எங்களுக்குத் தூக்கம் வராது.

பீட்சா அட்டையைக் கிழித்துக் கட்டம் போட்டான் கர்ட்.
மேலிருந்து கீழே நன்மை, நடு, தீமை.
இடமிருந்து வலமாக ஒழுங்கு, நடு, தான்தோன்றி.
மூமூன்று ஒன்பது.
பனிவண்டி ஓட்டுகிறவன், அவன் கோடு கோணாது.
பிறந்தவர் யாரானாலும்
இதில் ஒன்றில் அடங்கியாக வேண்டும் என்பான்,
அவன் மாமனார் உட்பட.

வில்லன் பெயர் பிராஸ்க். கர்னல்.
போர்க்காலத்துப் பாலம் ஒன்றின் காவலன்.
முத்திரை இருந்தால் வழி,
இல்லையென்றால் இல்லை.
முத்திரையில்லாத ஒரு மூட்டை மாவுக்காக
ரொட்டிக்காரனைத் தூக்கில் போட்டான்.
பிறகு மாதம் பிறந்தால் முதல் தேதி
அவன் மனைவிக்குத் தன் சம்பளத்திலிருந்து பணம்,
உறையில் வைத்து, ரசீதோடு.
படம் முழுக்க ஒரு பொய் சொல்லவில்லை.
(அவனுடைய கையுறைகள் எனக்குப் பிடித்திருந்தன.
இதை மேஜையில் சொல்லவில்லை.)

"ஒழுங்குத் தீமை,"
கீழ் மூலையில் பீர் மூடியை வைத்தான் கர்ட்.
"ரசீது கொடுக்கிற தீமை வேறென்ன?"
"அப்போ அந்த நாய்?" என்றாள் டெல்ஃபீன்.
"தினமும் சோறு போடுகிறானே."
"நாய்க்கு முத்திரை இருந்திருக்கும்," என்றேன்.
சிரித்தார்கள்.
என் தாளில் நான் தான்தோன்றி நன்மை.
பன்னிரண்டாம் நிலைத் திருடன்,
மாளிகையில் எடுத்துக் குடிசையில் போடுகிறவன்.
நிஜத்தில்
நூலகப் புத்தகம் ஒரு நாள் தாமதமானால்
நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அப்புறம் அந்தத் தம்பி.
கடைசி இருபது நிமிடம். இரவு, மழை.
அக்கரையில் பிராஸ்கின் தம்பி, கையில் தாள் இல்லை.
வசனம் இல்லை.
சங்கிலிச் சக்கரத்தைத் தானே சுற்றுகிறான் பிராஸ்க்.
பாலம் இறங்குகிறது.

கர்ட் மூடியை ஒரு கட்டம் மேலே நகர்த்தினான்.
"இரக்கம் இரக்கம்தான். கணக்கில் வரணும்."
டெல்ஃபீன் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"கீழே இறக்கு."
"அதுக்குக் கீழே கட்டம் இல்லை."
"அதுவரை ரொட்டிக்காரனைக் கொன்றது சட்டம்.
பாலம் இறங்கும் என்று ஆனபின்
கொன்றது இவன்.
முதல் நாளிலிருந்தே இவன்தான்."

மார்லிஸ் அதுவரை பேசவில்லை.
எங்கள் புனித வீராங்கனை.
அவள் தாளில் ஒழுங்கு நன்மை, ரப்பர் படாத பென்சில்.
பகலில் காப்பீட்டு அலுவலகத்தில்
விண்ணப்பங்களுக்கு 'இல்லை' எழுதுகிறவள்,
நாளைக்கு நாற்பது, நாற்பத்தைந்து.

"போன செவ்வாய் ஒன்றை விட்டேன்," என்றாள்.
"ஒரு தாள் குறைந்தது. என் நாத்தனாருடையது."
மூடியைப் பார்த்தபடியே சொன்னாள்.
"அதே தாள் குறைந்தவர்கள்
அன்று காலையில் மட்டும் ஆறு பேர்."

சலவை இயந்திரம் எப்போதோ நின்றிருந்தது.
"அது வேற," என்றான் கர்ட்.
எப்படி வேறு என்று அவனுக்கே தெரியவில்லை.
"இல்ல மார்லிஸ், நான் சொன்னது படத்தை..."
தான் அறைந்த ஆணியை
வெறும் கையால் பிடுங்கப் பார்த்தாள் டெல்ஃபீன்.
மார்லிஸ் சிப்ஸ் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினாள்.
"நீ சொன்னது சரி," என்றாள்,
மழை வரும் என்று சொல்வது போல.

நாலு மணிக்குக் கர்ட் பனி வார எழவேண்டும்.
கலைந்தோம்.
வாசலில் மார்லிஸின் கார் கண்ணாடியை
நாங்கள் மூவரும் சுரண்டினோம்,
ஒரு ஆள் போதுமான வேலை.

வீட்டில் கோட்டைக் கழற்றும்போது
பையில் ஏதோ குத்தியது.
அந்த மூடி.
எப்போது எடுத்தேன்?
பன்னிரண்டு நிலை ஏறிய திருடனின்
முதல் திருட்டு.

அடுத்த வாரம் அட்டை அங்கேயே கிடந்தது,
எண்ணெய்க் கறையோடு, ஒன்பதும் காலியாக.
யாரும் தேடவில்லை.
மார்லிஸ் பகடையை எடுத்து ஊதினாள்.