கட்டம் பதினான்கு

கட்டம் பதின்மூன்று வரை தகராறில்லை.
பெயர், அடையாள எண்,
பதினோராம் வகுப்பு மதிப்பெண்,
வீட்டு மொழி: ஆங்கிலம் என்று போட்டேன்.
அம்மா திட்டுவது தமிழில்,
அதற்குக் கட்டம் இல்லை.
அவளுடைய வாரக்கூலிச் சீட்டு மூன்று;
ஜேக்கப்ஸ் தொழிற்சாலையில்
யார் யார் பிள்ளைகளின் பள்ளிச்சட்டைக்கோ
காலர் தைக்கிறவள்.
ஒரு சீட்டில் மெஷின் எண்ணெய்க் கறை.
தொகை தெரிகிறது, போதும் என்றார்கள்.

பதினான்காம் கட்டம் கேட்டது:
தந்தை மாதந்தோறும் தருவது எவ்வளவு?
எதுவும் தருவதில்லையெனில்
சத்தியப் பத்திரம் இணைக்கவும்.

அப்பா இறந்துவிடவில்லை.
இறந்திருந்தால் ஒரு சான்றிதழோடு முடிந்திருக்கும்.
மூன்று தெரு தள்ளி, பேவியூ மேட்டில்
வேறொரு வீட்டின் கேட்டைத்
தினமும் திறந்து மூடுகிறார்.

மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.
ஜூலையில் ஒரு வாளி சார்டின் கொண்டுவந்தாரே,
அது வருமானமா?
கீஸர் ஒழுகியபோது
இரவு பதினொன்றுக்கு வந்து வாஷர் மாற்றினார்.
வாஷர் என்ன விலை?
தீபாவளிக்கு எனக்கொரு செருப்பு,
ஒரு நம்பர் சிறியது.
அவர் மனதில் எந்த வயதில் நான் நின்றுபோனேன் என்று
அந்தச் செருப்பைத்தான் கேட்க வேண்டும்.

"மீனுக்கு விலை போட்டா உனக்குப் படிப்பு இல்லே"
என்றாள் அம்மா.
போடாவிட்டால்?
"போடாட்டி அந்தாள் மனுஷனே இல்லேன்னு
நாமே எழுதிக் கொடுத்த மாதிரி."
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
அன்றிரவு மின்வெட்டு.
இருட்டில் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு மிஸ்டு கால்தான் கொடுத்தேன்.
சனிக்கிழமை காலை
சாட்ஸ்வர்த் காவல் நிலைய வாசலில்
இஸ்திரி போட்ட சட்டையுடன்
எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றார்.
வரிசையில் எங்களுக்கு முன்
கைபேசி தொலைத்த ஒருவன்,
பக்கத்து வீட்டு நாயைப் பற்றிப் புகார் சொல்ல ஒரு கிழவர்.
அம்மா அப்பாவைப் பார்க்காமல்
சுவரில் ஒட்டிய காணாமல்போனோர் பட்டியலைப் பார்த்தாள்.

பெயர் என்றார் கான்ஸ்டபிள் ம்தெத்வா.
சத்தியசீலன் மூட்லி.
தெருவில் எல்லோருக்கும் அவர் சீலன்;
பெயரின் முன்பாதி
பத்திரங்களில் மட்டும்தான் வெளியே வரும்.

"இந்த மகளுக்கு நீங்கள் எதுவும் தருவதில்லை.
சரியா?"
"எதுவும் தருவதில்லை."
ஒத்திகை பார்த்து வந்தவர்போலச்
சத்தமாகச் சொன்னார்.
நாய்ப் புகார்க் கிழவர் திரும்பிப் பார்த்தார்.
வலது கையைத் தூக்கச் சொன்னார்கள்.
தூக்கிய கை பாதியில் நின்றது:
"மீன்? வருஷத்துக்கு ஒரு வாளி சார்டின்,
அது இதில் சேருமா?"

ம்தெத்வா சிரிக்கவில்லை.
கொஞ்சம் யோசித்தார்.
"அது கடல் கொடுத்தது" என்றார்.
முத்திரையில் மை வறண்டிருந்தது,
வாயால் ஊதி இரண்டு முறை குத்தினார்.

வெளியே வெயில். மை காயட்டும் என்று
தாளை விசிறிபோல ஆட்டிக்கொண்டே நடந்தேன்.
அப்பா என் கையில் எதையோ திணித்தார்.
ஐம்பது ராண்ட்.
"ஸ்கேன் பண்ணணுமே."
அம்மா நிலையத்தின் கதவைத் திரும்பிப் பார்த்தாள்,
யாரும் பார்க்கவில்லை.
"வாங்கிக்கோ" என்றாள்,
அந்த வருடத்தில்
அவர் காதுபட அவள் சொன்ன முதல் வார்த்தை.

கடையில் கோப்பு பெரிதாக இருக்கிறது என்று
இரண்டு முறை திருப்பி அனுப்பியது திரை.
மூன்றாம் முறை போயிற்று.

இப்போது பரிசீலனையில்.
ஆறு வாரமாகப் பரிசீலனையில்.
வேலைவிட்டு வந்ததும் அம்மா புருவத்தைத் தூக்குவாள்,
நான் தலையாட்டுவேன், அவள் அரிசி கழுவப் போவாள்.
எட்டு மணிக்கு ஒரு மிஸ்டு கால் வரும்,
நான் எடுப்பதில்லை,
திருப்பி ஒன்று கொடுத்தால்
இன்னும் இல்லை என்று அர்த்தம்.

மீதிச் சில்லறை பதினொரு ராண்ட்
பையின் சின்ன அறையில்
மற்ற காசோடு சேராமல் கிடக்கிறது.