நீடாமங்கலம் கேட்

எட்டு. எட்டுப் புள்ளியில் தோற்க வேண்டும் பூவனத்தூர்.
ஏழென்றால் ஆறுதலுக்கு ஒரு புள்ளி கொடுத்துவிடுவார்கள்.
யூரியா ரசீதின் முதுகில் எழுதிக் காட்டினேன்.
குட்டியானையின் பின்பக்கம் பதினான்கு தலைகள்
ஒரு செல்போன் வெளிச்சத்தில் கவிந்தன.
"மங்கையர்க்கரசி அக்கா, இன்னொரு தரம் சொல்லு."

நாங்கள் ஆடி முடித்துவிட்டோம். பதினாறு புள்ளி.
எடுத்ததில் கொடுத்தது போகப் பதினொன்று மிச்சம்.
இனி எங்கள் பையன்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை,
முழங்காலில் மஞ்சள் பற்றோடு
கேட் திறக்கக் காத்திருப்பதைத் தவிர.
சாத்தி முக்கால் மணி நேரம்.
கூட்ஸுக்கு இஞ்சின் மாற்றுகிறார்கள்.

அந்தப் பக்கம், நாலு கிலோமீட்டரில்,
அறுத்த வயலைக் கொத்திப் பரப்பிய களத்தில்
மேலநத்தமும் பூவனத்தூரும்.

மேலநத்தம் ஜெயிக்க வேண்டும்.
இதை வாய்விட்டுச் சொல்லத்தான் ஒருவருக்கும் வரவில்லை.
புரட்டாசியில் ராவோடு ராவாக ஷட்டரை இறக்கி
எங்கள் நடவைக் காயப்போட்ட ஊர்.
ஸ்டேஷனில் கொடுத்த மனுவை எழுதியவள் நான்.
முதல் பெயர் குமரகுரு,
மண்வெட்டியோடு மதகின் மேல் நின்றவன்.
இப்போது தவசுமணி போனில் கத்துகிறான்:
"குமரகுருவ எறக்கிட்டாங்களா, உக்கார வச்சிருக்கானுவளா?"

மேலநத்தத்துக்கு இடம் எப்போதோ உறுதி.
நல்ல ஆளை இன்றைக்கு ஏன் களத்தில் விட்டு
காலை ஒடித்துக்கொள்ளப் போகிறார்கள்?
அவன் காலுக்காக நான் பயப்படுவேன் என்று
புரட்டாசியில் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

"எறங்கிட்டான்" என்றான் ஐஸ் வண்டி அந்தோணி, மறுமுனையில்.
"நம்ம குமரகுரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை யாரும்.
ராஜகண்ணு மட்டும் வெள்ளரிப் பிஞ்சைக் கடித்தபடி சும்மா இருந்தான்.
அவன் மச்சினன் பூவனத்தூருக்கு லெஃப்ட் கார்னர்.
ராத்திரி வீட்டுக்குப் போக வேண்டுமே.

பக்கத்தில் ஒரு டிவிஎஸ் பிஃப்டி.
முன்னால் ஹேண்டில்பாரில் கன்னம் வைத்துத் தூங்கும் பொடியன்,
மஞ்சள் பனியன், முதுகில் பூவனத்தூர்.
அப்பாவின் போனில் சார்ஜ் இல்லையாம்.
"ஸ்கோர் என்னாச்சுங்க?"
தவசுமணி சிக்னலைப் பார்த்தான். நான் சொன்னேன்:
"அஞ்சு பின்னால இருக்கீங்க. நாலு நிமிஷம் இருக்கு."
"அஞ்சுன்னா தேவலாம்" என்றார்.
அவரிடமும் இருந்தது ஒரு கணக்கு.
எங்கள் போனுக்குக் காது கொடுத்துச் சாய்ந்துகொண்டார்.

ஆறு.
ஆறேதான். நேரம் ஓடுது.
கடைசிப் பாட்டு, குமரகுரு போறான்.
தொட்டுட்டான், போனஸ் கோட்டையும் மிதிச்சுட்டான், எட்டு!
வண்டி ஆடியது. யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.
இரு இரு, நடுவர் கையை ஆட்டறாரு,
கோடு மிதிக்கலையாம்.
விசில்.

ஏழு.

பாதி கடித்த வெள்ளரிப் பிஞ்சு தண்டவாளத்தில் போய் விழுந்தது.
"போச்சு" என்றார்கள், ஆளாளுக்கு ஒரு தரம்.
"மதகுல நின்னவன் கால் கோட்டுல நிக்குதா பாரு"
என்று பழைய பகை அதன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.
மொபெட்காரர் மகனை எழுப்பினார்:
"டேய், ஒரு பாயிண்ட் கெடச்சிருச்சுடா, எந்திரி."

பதினாறுக்குப் பதினாறு.
ரசீது இன்னும் என் கையில்.
கொள்முதல் நிலையத்தில் மூட்டை எழுதுகிற கை இது,
அடிக்கோடு போடாமல் அடங்காது.
பூவனத்தூருக்கு மிச்சம் பதினேழு இருந்தது.
ஏழு போகப் பத்து.
எங்களுக்குப் பதினொன்று.
மறுபடி போட்டேன். பத்து. பதினொன்று.

அப்போது பார்த்து கூட்ஸ் நகர்ந்தது,
கதவு சீல் வைத்த பெட்டிகளில்
எங்கள் நெல்லோ மேலநத்தத்து நெல்லோ.
பொடியன் முழுசாக விழித்துக்கொண்டு
ஒவ்வொரு பெட்டிக்கும் கையசைத்தான்.
ரசீதை நாலாக மடித்து இடுப்பில் செருகினேன்.
கடைசிப் பெட்டி போகட்டும், சொல்லலாம்.
பதினெட்டு. பத்தொன்பது.