கண்டறியும் எல்லைக்குக் கீழே

உரும்பிராயில் ஒரு வெங்காயத் தறையிலிருந்து
நாலு உரப்பை செம்மண் வந்திறங்கியது.
"கம்பசுக்கு மண்ணும் விலைக்கோ?"
என்று லொறிக்காரன் கேட்டான்.
ஓமோம், விலைக்குத்தான்.
அரித்தோம். சல்லடையில் தங்கியவை
ஒரு சோகி, பற்பசை மூடி,
சுண்ணக்கல் துண்டுகள், பழைய பயிரின் வேர்.
அரித்த மண்ணில் விட்டோம்,
கிராமுக்குப் பத்துக் கோடி.

கணவாயின் வயிற்றில் குடியிருக்கும் ஒன்றிடம்
இரவல் வாங்கிய வெளிச்சத்தில் ஒரு துணுக்கு,
மருந்துக்கும் சாகாத ஒரு பிடிவாதம்,
இரண்டையும் செருகிய பற்றீரியா.
செருகியது நாங்கள்தான்.
பதிவேட்டில் அதற்கு எழுத்தும் இலக்கமும் பெயர்.
நான் மினுக்கி என்பேன்.
கலாநிதி அற்புதராணிக்கு அது தெரியாது.

சட்டிக்குக் கீழே இரட்டைத் தட்டு,
வலைக்கூடத்துக்கு இரட்டைக் கதவு.
வடிகிற தண்ணியையும் அவித்துத்தான் ஊற்ற வேண்டும்.
இந்த ஊரின் சுண்ணக்கல்
எதையும் தனக்கென்று வைத்திராது.
இங்கே சிந்தியது
யாரோ ஒருவரின் கிணற்றில் போய் நிற்கும்.

முதற் கிழமை நூறில் ஒன்று மிஞ்சியது.
சீனியும் புரதமும் ஊட்டி நாங்கள் வளர்த்தவை,
பசி அறியாதவை.
மண்ணிலோ பழைய குடிகள்:
உருண்டு வந்து விழுங்கும் அமீபா,
இடம் விடாத பூஞ்சணம்.
அவித்த மண்ணில் விட்டிருந்தால்
ராசா மாதிரி இருந்திருக்கும்.

ஆறாம் கிழமை சில நூறு.
சோளகம் வலைக்கூடத்துப் பொலித்தீனைப் பிய்த்தது.
பத்தாம் கிழமை
செம்மஞ்சள் தட்டுகள் பன்னிரண்டிலும்
ஒரு புள்ளி இல்லை.
பூச்சியம் என்று எழுதினேன்.

கலாநிதி சிவப்புப் பேனையால் வெட்டினார்.
"பூச்சியம் எண்டு எழுதாதையும், கோகுலரூபன்.
காணேல்லை எண்டு எழுதும்.
உம்மட தட்டிலை முளைக்கேல்லை, அவ்வளவுதான்.
பசி கூடினா அதுகள் சுருங்கிக் கிடக்கும்,
கூப்பிட்டா ஏன் எண்டும் கேளாது.
செத்ததெண்டு ஆர் சொன்னது?"

எங்கள் வீட்டிலும் ஒரு படிவம் உண்டு.
அதில் ஒரு கட்டத்தை அம்மா
பதினைந்து வருசமாக நிரப்பவில்லை.
அதைப்பற்றி எழுத நான் இங்கே வரவில்லை.

பூச்சியம்.
சொல்லுக்குள்ளேயே ஒரு பூச்சி இருக்கிறதே,
இவ்வளவு நாளும் எப்படிக் காணாமல் விட்டேன்?

பதினோராம் கிழமை, திட்டத்தில் இல்லாத வேலை.
சமைக்க வாங்கிய பையிலிருந்து
சின்ன வெங்காயம் ஒன்றை எடுத்து
வெறும் மண் சட்டியில் ஊன்றினேன்.
வேர் விட்டது.
வேர் கசியும்: சீனி, புளிப்பு, ஒரு வழுவழுப்பு.
நகக்கண் அகலம்கூட இல்லாத அன்னதான மடம்.
களியின் துளைகளுக்குள்,
அமீபா நுழைய முடியாத வாசல்களுக்குப் பின்னால்
ஏதாவது கிடந்தால்
மணம் பிடிக்கட்டும் என்று விட்டேன்.

பதினெட்டாம் நாள் வேரை உதறினேன்.
உதறியும் விழாத மண்ணைக் கரைத்துத்
தட்டில் தடவி அடைகாக்க வைத்தேன்.
அதற்கு இரண்டாம் இரவு கரண்ட் போனது.
ஜெனரேற்றர் இருமியது, பிடிக்கவில்லை.
சூடு இறங்குகிறதா என்று கதவைத் திறந்தேன்.
கண் இருட்டோடு பழக
நேரம் எடுத்தது.

ஏழு.
எட்டாவது என் கண்ணின் பொய்யாகவும் இருக்கலாம்.
நீலமா பச்சையா என்று சொல்லத் தெரியாத நிறம்,
பார்த்தால் மங்கியது,
பக்கத்தில் பார்த்தால் தெரிந்தது.

சிரித்தேன். தனியே, இருட்டில், சத்தமாக.
பிறகுதான் மேசை ஞாபகம் வந்தது.
அங்கே அறிக்கை கிடந்தது,
ஏற்கெனவே தட்டச்சில்:
மூன்று மாதத்துக்குள் மண்ணிலிருந்து முற்றாக நீங்கும்.
கையொப்பம் மட்டும் மிச்சம்.

கலாநிதிக்கு அழைத்தேன்.
நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.
"எத்தினை?"
ஏழு.
"காலமை வாறன்.
அதுக்கிடையிலை ஒண்டையும் அவிக்க வேண்டாம்."

வெளிக்கிடச் செருப்பைப் போட்டேன்.
விளிம்பில் செம்மண்.
கழற்றி, ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தேன்.
பிறகு காலையும்.