மேல் இடது வெளிச்சம்

மாஸ்ட்ரிக்ட், ஹெட்விக் க்ருட்ஸனின் கடைசி வேலைநாள்

செர்ரிப் பழ வ்லாயை வெட்டச் சொல்லி
கத்தியை என்னிடமே நீட்டுகிறார்கள்.
உடற்கூடத்து ஆள் அல்லவா என்று ஒரு சிரிப்பு.
சரி, ஹெட்விக்.
உன் மாணவர்கள் பேசி முடித்துவிட்டார்கள்.
எல்லோரும் உன் பொறுமையைப் புகழ்ந்தார்கள்.
உனக்குப் பொறுமை இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.
யூடித் மூன்று வாரம் வரைந்த சிறுநீரகத்தை
ஈரத்துணியால் நீ துடைத்ததைப் பார்த்தவன் நான்.
அவள் இன்று வரவில்லை.

இருபத்தாறு வருடம்
நான் தோலை விலக்கித் தந்தேன்,
நீ கரித்தூளைத் தூரிகையில் தொட்டு
அட்டையில் படியவைத்தாய்.
ஜன்னலே இல்லாத நம் நிலவறையில்
எந்த ஈரலுக்கும் எந்த இதயத்துக்கும்
மேல் இடது மூலையிலிருந்துதான் பொழுது விடியும்.
அதுதான் வழக்கம் என்றாய்.
யார் வைத்த வழக்கம் என்று கேட்டேன்.
வலக்கைக்காரர்கள் வைத்தது,
தங்கள் கை நிழலிலேயே தாங்கள் இடறாமலிருக்க.

புது டீன் ஒருமுறை கேட்டார்:
கேமரா இருக்க, கரித்தூள் எதற்கு?
பித்தப்பை அறுவையின் புகைப்படம் ஒன்றை
அவர்முன் வைத்து, குழாயைக் காட்டுங்கள் என்றாய்.
அவர் விரல் கொழுப்பின்மேல் போய் நின்றது.
ஒரு நோயாளி போய்விட்டார் என்றாய்.
அடுத்த வருடமும் கரித்தூள் வந்தது,
கொஞ்சம் குறைவாக.

வரையத் தெரிந்தவர்கள்தான் உன்னிடம் வந்தார்கள்.
எதுவரை வரைவது என்பதைத்தான்
மூக்கைச் சிந்திக்கொண்டே கற்றார்கள்.
இரத்தம் வேண்டாம். கவ்விகள் வேண்டாம்.
ஒரு பையன் படத்தில் என் கட்டைவிரலும் வந்துவிட்டது,
கையுறைக் கிழிசலோடு.
அதை மட்டும் நீ அழிக்கச் சொல்லவில்லை.

தொண்ணூற்றெட்டு, மேஜை நான்கு.
வலப்பக்கக் குரல்நரம்பு
கீழே இறங்கி, தமனியைச் சுற்றி, மேலேற வேண்டும்.
அந்தப் பெண்ணிடம் அது சுற்றவில்லை.
நேரே குறுக்கே போனது,
சந்து தெரிந்த தபால்காரன்போல.
நான்தான் தவறாக அறுத்தேன் என்று வியர்த்துவிட்டேன்.
நீ நாற்காலியை இழுத்துப் போட்டாய்.
பாடம் பொய்த்தது. மெய் பொய்க்கவில்லை.

பதிப்பகம் படத்தைத் திருப்பி அனுப்பியது:
தயவுசெய்து சுற்ற வைக்கவும்.
சுற்ற வைத்தாய். புத்தகம் எல்லோருக்குமானது என்றாய்.
முதல் படத்தை என் இழுப்பறையில் போட்டாய்,
பின்புறம் பென்சிலில் மேஜை எண்ணும்
இரண்டே சொல்லும்:
இவள் இப்படித்தான்.

மூன்று புது அறுவை மருத்துவர்களுக்கு
அதை எடுத்துக் காட்டியிருக்கிறேன், உன்னிடம் சொன்னதில்லை.
ஒருவர் நெடுநேரம் பார்த்தார்.
மற்ற இருவர் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

போன மாதம் நீயும் கொடைப் படிவம் வாங்கினாய்.
கையெழுத்திட்டுவிட்டு என் மேஜையைப் பார்த்தாய்.
முடியாது, ஹெட்விக்.
தெரிந்தவர்களை நாங்கள் தொடக்கூடாது, அது விதி.
உன்னை நைமேகனுக்கு அனுப்புவார்கள்.
அங்கே யாரோ ஒருவன்,
இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கலாம் இப்போது.
அவனுக்கு ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன்:
வலது கட்டைவிரல் மூட்டு தேய்ந்திருக்கும்.
நோய் என்று மட்டும் எழுதிவிடாதே.
யாராவது வரைய வந்தால்
விளக்கை மேலே, இடப்பக்கம் தூக்கி வை.
உறையில் தேதி போடவில்லை.
அவசரமும் இல்லை.

இந்த வ்லாய் பன்னிரண்டு துண்டு வரும்,
இங்கே பதினெட்டுப் பேர்.
கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்தபடி
வாசலிலிருந்தே சொல்கிறாய்,
நடுவில் அழுத்தாதே, பழம் நசுங்கும்.